நாலு நொடி பாக்கி

அத்தியாயம் பதினேழு

அன்று காலை அந்த வீட்டில் மூன்று பேரும் வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். ரொட்டியைக் கடிக்கும் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. முந்தாநாள் கூடைப்பந்து அரையிறுதியில், ஆட்டம் முடியக் கண்ணிமைக்கும் நேரமே இருந்தபோது, நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து குருவி வீசிய பந்து வளையத்துக்குள் விழுந்ததைப் பார்த்தோம். அந்தச் சந்தோஷம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் இன்னொரு செய்தி வந்து சேர்ந்ததையும் பார்த்தோம். மற்ற அரையிறுதியில் ஜெயித்தது அத்தையின் கல்லூரி. இறுதி ஆட்டத்தில் எதிர் அணிக்குக் கோச், குருவியின் அப்பாவுடைய ஒரே தங்கை. மூன்று வருஷமாக இந்த வீட்டுப் படி ஏறாதவள்.

"நான் வரலை," என்றார் குருவியின் அப்பா, டீயைப் பார்த்துக்கொண்டே.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கை பட்டுத்தான் ஏறி இறங்குகிறது. வீட்டில் மட்டும் எது எப்போது நடுவழியில் நிற்கும் என்று அவருக்குப் பிடிபட்டதே இல்லை.

"ஏம்ப்பா?"

"ஒரு பக்கம் நீ. இன்னொரு பக்கம் அவ. நான் எந்தப் பக்கம் கை தட்டுறது?"

"ரெண்டு கை இருக்குல்ல. ஆளுக்கு ஒண்ணு."

"ஒரு கையில தட்டினா ஓசை வராதுடி."

குருவி சிரித்தாள். சிரித்துவிட்டு, சிரித்ததற்கே வருத்தப்படுபவள்போல முட்டையின் ஓட்டை உரிக்க ஆரம்பித்தாள். ஐந்தடி ஒரு அங்குலம். பனைமரம் பனைமரமாக வளர்ந்த பெண்கள் ஆடும் ஆட்டத்தில் இவளுக்கு என்ன வேலை என்று கேட்காத ஆள் கிடையாது. கல்லூரியில் இது கடைசி வருஷம். இன்று மூன்று மணிக்கு ஆடப் போவதுதான் அந்தச் சட்டையில் கடைசி ஆட்டம்.

அரையிறுதி வீடியோவை ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்திருந்தார்கள். அதற்குக் கீழே யாரோ ஒருவன் எழுதியிருந்தான்: 'கண்ணை மூடிக்கிட்டு எறிஞ்சாலும் ஒரு தடவை விழும்.' எல்லாப் பாராட்டையும் மறந்துவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள் என்பது அவள் அம்மாவுக்குத் தெரியும்.

அம்மாவுக்கு வேறொன்றும் தெரியும். அது அவளுக்கும் அவள் கணவருக்கும் மட்டும் தெரிந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், குருவி பள்ளிக்கூடம் முடித்ததும், அத்தை தன் கல்லூரியிலேயே இடம் வாங்கி, விடுதியில் அறை பார்த்து, கட்டிலுக்கு மெத்தை வரை போட்டு வைத்திருந்தாள். ஏழு மணி நேரப் பேருந்துப் பயணம். பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. புறப்படும் அன்று காலையில் அம்மாக்காரி பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். "என்னால முடியாதுங்க," என்றாள். அவ்வளவுதான். கணவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கைக்குப் போன் போட்டு, "நான்தான் வேண்டாம்னு முடிவு பண்ணேன்," என்றார். பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் "சரிண்ணா" என்ற ஒரு சொல். அதோடு பேச்சு நின்றது.

அண்ணன் தங்கைக்கு நடுவில் நிற்கும் சுவரில் ஒவ்வொரு செங்கல்லும் தான் வைத்தது என்று அவளுக்குத் தெரியும். மூன்று வருஷமாக அது தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

கணவர் கருவிப் பையைத் தோளில் மாட்டினார். வாசலில் நின்று, மகள் தலையில் ஒரு தடவை கையை வைத்தார்.

"நல்லா ஆடு," என்றார். "அவளும் நல்லா ஆட வைப்பா. பாத்துக்கோ."

*

மருத்துவமனையில் குருவியின் அம்மாவை எல்லோரும் எக்ஸ்ரேயம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அதே அறை. ஒரு மணியோடு விடுப்பு சொல்லியிருந்தாள்.

பத்தே முக்காலுக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு சக்கர நாற்காலி வந்தது. அதில் ஒரு பெண். உட்கார்ந்திருக்கும்போதே நிற்கிறவர்களின் தோள் உயரம் இருந்தாள். வலது கணுக்காலில் ஐஸ் கட்டியிருந்தது.

"படிக்கட்டுல பிசகிடுச்சு," என்றாள் அந்தப் பெண், அழுது ஓய்ந்த குரலில்.

எக்ஸ்ரேயம்மா அவளைக் கவனிக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் விசில். முன் தலையில் மூன்று வருஷத்துக்கு முன்னால் இல்லாத ஒரு கற்றை நரை. நாத்தனார்.

எக்ஸ்ரேயம்மா டாக்டர் சீட்டுக்காகக் கையை நீட்டினாள்.

"மைதானத்துக்குப் பக்கத்துல இருக்கற ஆஸ்பத்திரி இதுதான்னாங்க," என்றாள் நாத்தனார், சுவரைப் பார்த்து. மன்னிப்புக் கேட்கிற மாதிரியும் இருந்தது, சண்டைக்கு வருகிற மாதிரியும் இருந்தது.

"உள்ள வா," என்றாள் எக்ஸ்ரேயம்மா.

அந்த நெட்டைப் பெண்ணை அணியில் டவர் என்று கூப்பிடுவார்களாம். மேசையில் படுக்க வைத்தால் பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காலைத் திருப்பி, அடியில் எக்ஸ்ரே தட்டை வைத்து, "அசையாதம்மா. வலிச்சாலும் அசையாத," என்று சொல்லிவிட்டு, எக்ஸ்ரேயம்மா தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் போனாள். கதிர் படாமலிருக்க நாத்தனாரும் அங்கேதான் வந்து நிற்க வேண்டியிருந்தது. ஒரு ஆள் நிற்கும் இடம். தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருவர்.

பொத்தானை அழுத்தினாள். திரையில் எலும்பு மெல்ல வெளுத்து வந்தது.

இருபத்திரண்டு வருஷக் கண் அது. படம் முழுசாகத் தெளிவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கீறல் இல்லை, விரிசல் இல்லை. தசைதான் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. இறுக்கிக் கட்டினால் இந்தப் பெண் மூன்று மணிக்கு ஆடுவாள். ஆடினால் குருவியின் தலைக்கு மேலே கையை நீட்டிக்கொண்டு நிற்கப் போவது இவள்தான்.

"உடைஞ்சிருக்கா?" என்றாள் நாத்தனார்.

"டாக்டர் பாத்துச் சொல்லுவார்."

"அண்ணி."

மூன்று வருஷம் கழித்துக் கேட்ட அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

"ஒண்ணுமில்ல. எலும்பு சுத்தமா இருக்கு. டாக்டரும் அதைத்தான் சொல்லுவார். கட்டுப் போட்டு, வலி பொறுக்கறாளான்னு பாத்துட்டு ஆட விடு."

நாத்தனார் மூச்சை விட்டாள். கண்ணாடியில் ஆவி படிந்தது. "வேற யாராவதா இருந்தா ரெண்டு நாள் ஓய்வுன்னு சொல்லியிருப்பாங்க," என்றாள்.

"எலும்பு என்ன சொல்லுதோ அதைத்தான் நான் சொல்ல முடியும்."

அப்படிச் சொன்ன வாயே அடுத்ததையும் சொல்லிவிட்டது. எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"அன்னைக்குக் குருவியை உன்கிட்ட அனுப்ப மாட்டேன்னது உங்கண்ணன் இல்ல. நான். அவர் எனக்காகப் பொய் சொன்னார். பெத்த வயிறு, பிரிய மனசு வரலை. அதை உன்கிட்ட நேரா சொல்ல எனக்குத் தைரியம் வரலை."

நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் இருப்பது கோபமா, வேறு ஏதாவதா என்று சொல்ல முடியவில்லை. மனசை எக்ஸ்ரே எடுக்க எந்தப் பொத்தானும் கிடையாது.

"இதை இன்னைக்குத்தான் சொல்லணுமா அண்ணி?" என்றாள் தணிந்த குரலில். "மூணு மணிக்கு மேட்ச்."

நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

கதவு ஆடி நின்ற பிறகுதான் எக்ஸ்ரேயம்மாவுக்கு உறைத்தது. ஐயோ, நான் என்ன காரியம் செய்தேன். என் மகள் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக அவள் மனசைக் கலைத்துவிட்டேன் என்றல்லவா நினைப்பாள்? ஒரு முள்ளை எடுக்கப் போய் இன்னொரு முள்ளை ஏற்றிக்கொண்ட கதை.

*

உள்ளரங்கத்தில் புது வார்னிஷும் வலி மருந்தும் கலந்து மணத்தன. படிப்படியான இருக்கைகளில் எள் போட இடமில்லை. எக்ஸ்ரேயம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு தையற்கடைக்காரர். அவர் மகளும் குருவியின் அணிதான், மாற்று ஆட்டக்காரர்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"எட்டாம் நம்பர் உங்க பொண்ணா? அந்த எட்டை நான்தான் தச்சேன்," என்றார் அவர். "பிரிஞ்சு வராது. நீங்க கவலைப்படாதீங்க."

கவலை எட்டைப் பற்றி இல்லை.

நாத்தனாரின் திட்டம் முதல் நிமிஷத்திலேயே புரிந்துவிட்டது. குருவி பந்தைத் தட்டிக்கொண்டு இடது பக்கம் பாய்வாள், சட்டென்று நிற்பாள், எம்பி எறிவாள். பத்து வயசிலிருந்து அதுதான் அவள் வழி. இன்றைக்கு அவள் இடது பக்கம் திரும்பிய ஒவ்வொரு முறையும் அங்கே இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்களைத் தாண்டினால் டவர் நின்றாள், கணுக்காலில் வெள்ளைக் கட்டோடு. கூரையிலிருந்து இறங்குவதுபோல அவள் கை இறங்கியது. பந்து குருவியின் முகத்துக்கே திரும்பி வந்தது.

இடைவேளையில் இருபத்து நாலுக்கு முப்பத்தொன்று. பின்தங்கியிருந்தார்கள். குருவியின் கணக்கில் வெறும் நாலு புள்ளி.

எக்ஸ்ரேயம்மா எதிர்ப் பக்க பெஞ்சையே அடிக்கடி பார்த்தாள். நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கத்தவில்லை, குதிக்கவில்லை. ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. மனம் கலைந்த ஆளாகத் தெரியவில்லை. அதில் அவளுக்கு ஒரு நிம்மதி. ஆனால் ஆட்டம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்ததே, அதற்கு என்ன செய்வது?

மூன்றாம் பகுதி முடிந்தபோது ஒன்பது புள்ளி வித்தியாசம். பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவன், "முந்தாநாள் விழுந்தது மாதிரி தினமும் விழுமா?" என்றான் சத்தமாக.

தையற்கடைக்காரர் திரும்பினார். "தம்பி, வாயைக் கொஞ்சம் தச்சுக்கோ. இல்ல, நான் தச்சு விடவா?"

நாலாம் பகுதியில் குருவி எறிவதை நிறுத்திவிட்டாள். தன்மேல் இரண்டு பேர் விழுந்தால் அணியில் ஒருத்தி தனியாக நிற்பாள் அல்லவா? அவளுக்குப் பந்தைத் தட்டிவிட்டாள். ஒன்று விழுந்தது. இன்னொன்று. எதிர் அணியின் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கினாள், தரையில் சறுக்கிப் போய் மேசைக் காலில் முட்டிக்கொண்டு எழுந்தாள். ஒன்பது ஏழாயிற்று, ஏழு நாலாயிற்று. கூட்டத்தின் இரைச்சல் கூரையில் மோதித் திரும்பி வந்தது. எக்ஸ்ரேயம்மாவுக்குத் தன் கைதட்டலே காதில் விழவில்லை.

இருபத்தொன்பது நொடி இருக்கும்போது குருவியைத் தள்ளிவிட்டார்கள். இரண்டு இலவச எறிகள். ஐம்பத்தொன்பதுக்கு அறுபத்தொன்று. இரண்டும் விழுந்தால் சமம்.

முதலாவது விழுந்தது.

இரண்டாவது வளையத்தின் முன் விளிம்பில் பட்டு வெளியே தெறித்தது. அது கீழே விழும்போது 'ஹா' என்று ஒரு மூச்சு அரங்கம் முழுவதிலிருந்தும் வந்தது. குருவி கையைப் பார்த்தாள். அது வேறு யாருடைய கையோ என்பதுபோல.

அப்போதுதான் எக்ஸ்ரேயம்மா கதவுப் பக்கம் பார்த்தாள். நீலச் சீருடை, தோளில் கருவிப் பை, முழங்கை வரை கிரீஸ். வரமாட்டேன் என்றவர் வந்து நின்றுகொண்டிருந்தார். உட்கார இடம் தேடவில்லை. இரண்டு பக்க ரசிகர்களுக்கும் நடுவே, எந்தப் பக்கமும் சேராமல், சுவரோடு ஒட்டி நின்றார்.

எதிர் அணி பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கரைத்தது. கடைசியில் ஒருத்தி எறிந்தாள். தவறியது. பந்து குருவியின் அணியின் கையில். உடனே அவர்கள் கோச் கையைத் தூக்கி டைம் அவுட் கேட்டார்.

கடிகாரத்தில் நாலு நொடி.

"நாலு நொடில என்ன முடியும்?" என்றாள் எக்ஸ்ரேயம்மா. கேட்டது யாரை என்று அவளுக்கே தெரியவில்லை.

"நாலு நொடில நான் ஒரு பட்டன்கூடத் தைக்க மாட்டேன்மா," என்றார் தையற்கடைக்காரர். அவர் வேட்டைநாய்போல முன்னால் சாய்ந்திருந்தார்.

எதிர் பெஞ்சில் நாத்தனார் தன் பெண்களைச் சுற்றி நிற்க வைத்துப் பேசினாள். கை இடது பக்கம் காட்டியது. மறுபடியும் இடது பக்கம். டவரின் கணுக்காலைக் குனிந்து தொட்டுப் பார்த்து, நிமிர்ந்து அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

விசில்.

ஓரக் கோட்டிலிருந்து பந்து உள்ளே வந்தது. குருவி பிடித்தாள். இடது பக்கம் ஒரு அடி. அங்கே ஏற்கெனவே இரண்டு பேர். மூன்று நொடி.

எக்ஸ்ரேயம்மா நோயாளிகளிடம் ஒரு நாளைக்கு நூறு தடவை 'மூச்சைப் பிடிச்சுக்கோங்க' என்று சொல்பவள். தனக்கு யாரும் சொல்லாமலே மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

குருவி நின்றாள். தோளை இடது பக்கம் ஒரு வெட்டு வெட்டினாள். இருவரும் அந்தப் பக்கம் சாய்ந்த அதே கணத்தில் குதிகாலில் சுழன்று வலது பக்கம் புகுந்தாள். அவள் வாழ்நாளில் அந்தப் பக்கம் போய் யாரும் பார்த்ததில்லை. இரண்டு நொடி. எதிரே டவர். அடிபட்ட காலை ஊன்றி அந்தப் பெண் எம்பினாள், வலி முகத்தில் கோணலாக ஓடியது, ஆனாலும் எம்பினாள். கை நீண்டது, நீண்டுகொண்டே போனது. குருவியும் எம்பினாள். தப்பான காலில், உடம்பு பின்னால் சாய்ந்து, விழப் போகிறவள்போல. விழுவதற்கு முன்னால், அந்த விரல் நுனிகளுக்கு மேலே, பந்தை விட்டாள்.

பஸர் அலறியது. வளையத்துக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது.

பந்து இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது.

பலகையில் பட்டது. வளையத்தின் விளிம்பில் உட்கார்ந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று. ஏதோ யோசிக்கிறதுபோல அந்த விளிம்பில் ஒரு கணம் நின்றது. பிறகு, வேண்டா வெறுப்பாக, உள்ளே விழுந்தது.

தையற்கடைக்காரர் எக்ஸ்ரேயம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். கத்துகிறார் என்று வாயைப் பார்த்துத்தான் தெரிந்தது. பெண்கள் பெஞ்சிலிருந்து பாய்ந்து குருவிமேல் விழுந்தார்கள். எட்டாம் நம்பர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

ஆனால் நடுவர் இன்னும் கையை இறக்கவில்லை.

இரண்டு நடுவர்களும் நேரம் பார்க்கிறவரின் மேசைக்குப் போனார்கள். பஸருக்கு முன்னால் பந்து கையைவிட்டுப் போயிற்றா, பின்னாலா? குனிந்து பேசினார்கள். அரங்கம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மேல் வரிசையில் ஒரு குழந்தை அழுவதுகூடக் கேட்டது. குருவி தரையில் மண்டியிட்டபடியே மேசையைப் பார்த்தாள்.

நடுவர் திரும்பினார். இரண்டு விரலை மேலே தூக்கிக் கீழே வெட்டினார். செல்லும். அறுபத்திரண்டுக்கு அறுபத்தொன்று.

எழுந்த ஆரவாரத்தில் கூரை தப்பித்தது பெரிய விஷயம்.

எதிர் பெஞ்சில் மட்டும் ஒரு சலசலப்பு. அந்தக் கல்லூரியின் மேலாளர், கோட்டுப் போட்ட ஒரு மனிதர், கையில் ஒரு தாளோடு நாத்தனாரிடம் ஓடி வந்தார். எக்ஸ்ரேயம்மா அதற்குள் படியிறங்கித் தடுப்புக் கம்பி வரை வந்திருந்தாள். அவர் பேசியது நன்றாகக் கேட்டது.

"மேடம், பந்து லேட். எதிர்ப்பு எழுதிக் கொடுக்கலாம். நம்ம கேப்டன் கையெழுத்துப் போட்டாப் போதும், மறுபடி பாப்பாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"லேட் இல்ல சார்."

"விளக்கு எரிஞ்சுதே."

"எரிஞ்சுது. அப்போ பந்து கையில இல்ல. நான் பந்தைத்தான் பாத்துட்டு இருந்தேன்."

"அந்தப் பொண்ணு உங்க சொந்தக்காரப் பொண்ணாமே. நாளைக்கு யாராவது ஒண்ணு பேசினா?"

நாத்தனார் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சொந்தக்காரப் பொண்ணுங்கறதாலதான் இடது பக்கம் பூட்டுப் போட்டேன். நாப்பது நிமிஷம் அவளை மூச்சு விட விடல. அதையும் பாத்திருப்பாங்க, பேசட்டும்." அந்தத் தாளை வாங்கி நாலாக மடித்து அவர் கோட்டுப் பையிலேயே வைத்தாள். "என் பிள்ளைங்க நல்லா ஆடித் தோத்திருக்காங்க. அதைக் கெடுக்காதீங்க."

பிறகு நேரே டவரிடம் போனாள். தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த அந்த நெட்டைப் பெண்ணை அணைத்துத் தூக்கி நிறுத்தினாள்.

*

கோப்பை கொடுத்தார்கள், பேசினார்கள், மைக் இரண்டு தடவை கீச்சிட்டது. அரங்கம் பாதி காலியானது.

கதவுப் பக்கச் சுவரை விட்டு லிஃப்ட் மெக்கானிக் இன்னும் நகரவில்லை. தங்கை தன் பையை எடுத்துக்கொண்டு அந்த வழியாகத்தான் போக வேண்டும். வேறு வழி இல்லை என்று அவர் கணக்குப் போட்டுத்தான் நின்றிருப்பார் என்று அவர் மனைவிக்குத் தோன்றியது.

நாத்தனார் வந்தாள். அண்ணன் எதிரே நின்றாள்.

"அண்ணா," என்றாள். "உன் பொண்ணு பொறந்ததிலிருந்து இடது பக்கம்தான் போவா. இன்னைக்கு வலது பக்கம் போகச் சொல்லி யார் சொன்னது?"

"என்னைக் கேட்டா? நான் மேல கீழ போறதைத்தான் ரிப்பேர் பண்றவன். இடது வலது எனக்குத் தெரியாது."

அவள் உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா என்று அதற்கே தெரியாமல், கடைசியில் சிரிப்பாக முடிந்தது. அவர் கிரீஸ் கையை நீட்டி, தன் கையைப் பார்த்துவிட்டு, பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவள் விடவில்லை. அந்தக் கையைப் பிடித்துத் தன் வெள்ளைச் சட்டைத் தோளில் வைத்துக்கொண்டாள். ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன.

"போச்சு," என்றார் அவர். "இது துவைச்சாப் போகாது."

"போக வேண்டாம்."

அதற்குள் குருவி ஓடி வந்தாள். கழுத்தில் பதக்கம், முழங்காலில் சிராய்ப்பு. அத்தைக்கு இரண்டடி முன்னால் தயங்கி நின்றாள். மூன்று வருஷமாக அத்தையோடு பேசிப் பழகாத வாய்.

"அத்தை... மன்னிச்சிடுங்க."

"எதுக்குடி? ஜெயிச்சதுக்கா?" அத்தை அவள் காதைப் பிடித்தாள். "முதல்ல இதைச் சொல்லு. ஏன் வலது பக்கம் போன?"

குருவி யோசித்தாள். "என் இடது பக்கம் உங்களுக்கு அத்துப்படி. வலது பக்கம் போனா என்ன ஆகும்னு எனக்கே தெரியாது. எனக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியும்னு போனேன்."

"பந்து விழும்னு தெரியுமா?"

"கண்ணைத் திறந்து வச்சிருந்தேன் அத்தை. கடைசி வரைக்கும் திறந்துதான் வச்சிருந்தேன்."

எதற்கு அதைச் சொல்கிறாள் என்று அத்தைக்குப் புரிந்திருக்காது. அம்மாவுக்குப் புரிந்தது. அந்த ஒரு வரியை எழுதியவன் எங்கேயிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று அவளுக்கு அப்போது தோன்றியது. அவ்வளவு நிறைந்திருந்தது மனசு.

புகைப்படக்காரர் அணியை வரிசையாக நிற்க வைத்துக்கொண்டிருந்தார். குருவி அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பின்னால் அப்பா, கோப்பையைத் தன் பிள்ளையைத் தூக்குவதுபோல இடுப்பில் வைத்துக்கொண்டு.

"மேடம், நீங்க எந்த டீம்?" என்றார் புகைப்படக்காரர்.

"தோத்த டீம்," என்றாள் நாத்தனார்.

"எங்க அத்தை," என்றாள் குருவி. "நீங்க எடுங்க."

வரிசையின் ஓரத்தில் எக்ஸ்ரேயம்மாவும் நாத்தனாரும் மறுபடியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும்படி ஆயிற்று. இப்போது சொல்லாவிட்டால் எப்போது என்று நினைத்தாள்.

"காலையில சொன்னது உன் மனசைக் கலைக்க இல்லம்மா. சத்தியமா. வாய் தவறி வந்துடுச்சு."

"தெரியும் அண்ணி. கலைக்க நினைச்சிருந்தா அந்தக் கால் உடைஞ்சிருக்குன்னு சொல்லியிருப்பீங்க."

"அப்போ என்னை மன்னிச்சிட்டியா?"

நாத்தனார் காமெராவைப் பார்த்தபடியே பேசினாள். குரல் இன்னும் தாழ்ந்தது.

"மன்னிக்கறதுக்கு என்ன இருக்கு? அது நீங்கதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. போன்ல மூணு தடவை 'நான்தான், நான்தான்'னான். பெத்தவங்க புள்ளையை அனுப்பலன்னா அதுக்காக மூணு வருஷம் வராம இருப்பேனா?"

எக்ஸ்ரேயம்மா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அப்புறம் ஏன் வரலை?"

முன்வரிசையில் குருவி ஏதோ சொல்ல, பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். கோப்பையை அப்பா தலைக்குமேல் தூக்கினார். அவர் இத்தனை பல்லைக் காட்டிச் சிரித்து அவர் மனைவி பார்த்து எத்தனையோ நாளாகிறது. நாத்தனாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குச் சொல்ல மாட்டேன்," என்றாள். "இன்னைக்கு அவ ஜெயிச்ச நாள். அண்ணன் சிரிக்கட்டும். நாளைக்குப் பத்து மணிக்கு வீட்டுக்கு வரேன். அவன் வேலைக்குப் போனதுக்கு அப்புறம்."

"பின்வரிசையில ஓரமா நிக்கற அம்மா," என்றார் புகைப்படக்காரர், "இங்க பாருங்க, இங்க."

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எக்ஸ்ரேயம்மாவும் காமெராவைப் பார்த்துச் சிரித்தாள், நிஜமாகவே சிரித்தாள். ஆனால் கீழே, யாருக்கும் தெரியாத இடத்தில், நாத்தனாரின் விரல்கள் அவள் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்திருந்தன. படம் எடுத்து முடித்த பிறகும் விடவில்லை.